கார் ரேடியோவை நாமே மாற்றுவது சரியா?

அல்சூர்வாசி:
என் பழைய காரில் கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, 180 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் உள்ள டபுள் டின் எனப்படும் இரட்டை உயர அளவு செட் ஒன்றைப் பொருத்த எண்ணியிருக்கிறேன். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தபோது, கம்பெனி கப்ளரை (ஒயர்களைச் செட்டோடு இணைக்கும் செருகியை) வெட்டிவிட்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றித் தருவதாகச் சொன்னார்கள். அதைவிட, மாடலுக்கு உரிய கப்ளரை வாங்கி நானே செருகிக்கொள்வது மேல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

சிவாஜிநகர் ஒயர்மேன்:
மறுக்கிறேன். கப்ளர் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. செட்டின் மஞ்சள் ஒயருக்கு பேட்டரியின் 12 வோல்ட் எந்நேரமும் வேண்டும். சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பிய பிறகே மின்சாரம் வர வேண்டும். ஃபோக்ஸ்வேகன் கார்கள் சிலவற்றின் ஐஎஸ்ஓ (சர்வதேசப் பொதுத்தர) கப்ளரில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். அதைக் கவனியாமல் செருகினால், சாவியை எடுக்கும்போதெல்லாம் பதிந்து வைத்த நிலையங்கள் அழிந்துபோகும். அதற்குத் தீர்வு என்று இரண்டையும் எந்நேரமும் மின்சாரம் வரும் ஒரே ஒயரில் சேர்த்துக் கட்டுபவர்கள், நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டுவிட்டு, பேட்டரி இறங்கிவிட்டது என்று எங்களிடம்தான் வருகிறார்கள்.

ஜெயநகர் ரசிகர்:
ஐயா, நீங்கள் சொல்வது மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லும் வாதமே தவிர, கடைக்குப் போகச் சொல்லும் வாதம் அன்று. கடையில் அவசரமாக வேலை செய்பவர் மீட்டரை எடுப்பதே இல்லை. ஸ்பீக்கர் ஒயர்களையே பாருங்கள்: முன் இடப்பக்கத்துக்கு வெள்ளை, வலப்பக்கத்துக்குச் சாம்பல், பின் இடப்பக்கத்துக்குப் பச்சை, வலப்பக்கத்துக்கு ஊதா, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டவை நெகட்டிவ். அந்த நெகட்டிவை வண்டியின் பாடியில் எர்த் செய்வது மிகப் பழைய கார்களின் வழக்கம். இன்றைய செட்டுகளில் அவ்வாறு செய்தால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசியே (ஒலியைப் பெருக்கும் சிப்பே) போய்விடக்கூடும். கூரை ஆன்டெனாவில் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் சிறு கருவி) இருந்தால் நீல ஒயரின் 12 வோல்ட் அதற்குப் போக வேண்டும். போகாவிட்டால் நகரத்துக்குள்ளேயே 101.3 எஃப்.எம். ரெயின்போ வானொலி இரைச்சலோடுதான் கேட்கும், பழியோ செட்டின்மேல் விழும். இத்தனையும் பொறுமை கேட்கும் வேலை, அந்தப் பொறுமை வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் இருக்கும்.

சிவாஜிநகர் ஒயர்மேன்:
பொறுமை இருக்கலாம், பழக்கம் வேண்டாமா? ஸ்டீயரிங்கில் பட்டன் உள்ள கார்கள் பலவற்றில், பட்டன் சிக்னலைச் செட்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் தனி இன்டர்ஃபேஸ் பெட்டி இல்லாமல் அந்தப் பட்டன்கள் புதிய செட்டோடு பேசாது. டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் ஒயரிங்கும் போகிறது. தெரியாமல் அதில் மீட்டர் முனையை வைப்பவரைத் தடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வாரன்டியில் உள்ள வண்டியில் ஒயரிங்கை வெட்டினால், மின்பழுதுக்கு கம்பெனி பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு.

அல்சூர்வாசி:
வெட்டுவது நானல்ல, கடைக்காரர். என் கேள்வியே அதிலிருந்துதான் எழுந்தது. என் வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, ஸ்டீயரிங் பட்டனும் இல்லை, வாரன்டி முடிந்து பல காலம் ஆகிறது. ஆகவே நானே பொருத்துகிறேன். புதிய கார் வைத்திருப்பவருக்கு உங்கள் எச்சரிக்கை பொருந்தும் என்பதை ஏற்கிறேன்.

சிவாஜிநகர் ஒயர்மேன்:
எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. செய்வதென்று முடிவெடுத்துவிட்டால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மஞ்சள் ஒயரின் ஃப்யூஸ் எரிந்தால், 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியரைப் போடாதீர்கள். அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.