பிளக்கைக் கழற்றியும் டிவி கருகியது ஏன்? மின்னல், சர்ஜ் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

வானம் இருண்டு, இடி தொடங்குவதற்கு முன்பே டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டின் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவது எங்கள் வீட்டில் பல ஆண்டுப் பழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை அவ்வாறு கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளியிருந்த ஒரு மரத்தில் மின்னல் இறங்கியது. வெளிச்சம் கண்ணில் பட்ட மறுகணமே சத்தம் காதை அடைத்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தோம். மழை விட்டதும் பிளக்குகளைச் சொருகிப் பார்த்தால் டிவி எழவில்லை, செட்டாப் பாக்ஸில் உயிரில்லை. கழற்றாமல் விட்டிருந்த ரவுட்டரில் பவர் விளக்கு மட்டும் எரிந்தது. லேன் கம்பி சொருகும் நான்கு துளைகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

பழுது பார்ப்பவருடன் உட்கார்ந்து மூன்றையும் திறந்து பார்த்தேன். ரவுட்டரின் உள்பலகையில் மின்சாரம் நுழையும் பகுதி புத்தம்புதிதாக இருந்தது. லேன் துளைகளுக்குப் பின்னால் இருக்கும் சிறிய கறுப்புப் பெட்டியோ நடுவில் பிளந்து, அதன் கீழே நகத்தின் அளவுக்குப் பழுப்புக் கறை படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது தீய்ந்த வாடை அடித்தது. செட்டாப் பாக்ஸில், மாடியிலுள்ள டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைத் திருகும் இடத்தையொட்டிய செப்புத்தடம் எரிந்துபோய், அது ஓடிய இடத்தில் கரிக்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது.

அதன் பிறகுதான் வந்த வழி விளங்கியது. டிஷ் கேபிள் வழியாக இறங்கிய சர்ஜ், அதாவது கணநேரத்தில் எகிறும் மின்னழுத்தம், செட்டாப் பாக்ஸைக் கடந்து, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக டிவிக்குள் புகுந்து, டிவியிலிருந்து லேன் கம்பி வழியாக ரவுட்டருக்குப் போய், ரவுட்டர் சொருகியிருந்த மின்கம்பி வழியாக வெளியேறியிருக்கிறது. லேன் துளைக்குள் இருக்கும் அந்தச் சிறு பெட்டி 1,500 வோல்ட் வரை இரு பக்கங்களையும் பிரித்துவைக்கக்கூடிய மின்மாற்றி. அதையும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது என்றால் வந்தது எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளும் நான் காத்து நின்றது ஒரே ஒரு வாசலைத்தான். உங்கள் வீடுகளில் எந்தச் சாதனம் போனது, சர்ஜ் எந்த வழியாக வந்தது என்பதை முடிந்தவரை விவரமாகப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மின்பணி செய்யும் உறுப்பினர்

ஐயா, தங்கள் பதிவைப் படித்ததும் நான் சில ஆண்டுகளுக்கு முன் போய்ப் பார்த்த ஒரு வீடு நினைவுக்கு வந்தது. அங்கே மெயின் போர்டில் தரமான, இரண்டாம் வகை எஸ்.பி.டி., அதாவது சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, மாட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஒரே இடியில் ஃபிரிட்ஜின் போர்டும் வாஷிங் மெஷினின் போர்டும் போய்விட்டன. ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் கொதித்துப்போயிருந்தார். போர்டைத் திறந்தேன். எஸ்.பி.டி.யின் சிறு சன்னலில் பச்சை நிறம் அப்படியே இருந்தது, கருவி பழுதாகவில்லை. ஆனால் அதிலிருந்து எர்த் பட்டைக்கு (எர்த் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டை) போகும் கம்பியை, பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று பெட்டியின் ஓரத்தையொட்டி வளைத்துக் கொண்டுபோய், மிஞ்சியதை இரண்டு சுற்றாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்து அளந்தேன். ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே இருந்தது.

அன்றாட மின்சாரத்துக்கு ஒன்றரை மீட்டர் கம்பி ஒரு பொருட்டே இல்லை. சர்ஜோ சில மைக்ரோ வினாடிகளுக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியருக்கு எகிறக்கூடியது. நேராக ஓடும் கம்பிக்கே மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, உண்டு. மின்னோட்டம் மைக்ரோ வினாடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறினால், அந்தக் கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் 1,000 வோல்ட் நிற்கும். எஸ்.பி.டி. தன் பங்குக்கு 1,500 வோல்ட்டில் சர்ஜை மடக்கிவிட்டாலும், கம்பியில் நின்ற 1,500 வோல்ட்டும் அதனுடன் சேர்ந்து 3,000 வோல்ட்டாக ஃபிரிட்ஜின் தலையில்தான் இறங்கும். 230 வோல்ட் வீட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் 2,500 வோல்ட் வரையிலான நொடிப்பொழுதுத் தாக்குதலைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. பேஸிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து எர்த் பட்டைக்கும் போகும் இரண்டு கம்பிகளின் நீளத்தையும் கூட்டினால் அரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்று வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். அந்த வீட்டில் கருவியைக் கழற்றி எர்த் பட்டைக்கு ஒட்டினாற்போல் கீழே பொருத்தினேன். மொத்தம் 40 சென்டிமீட்டரில் முடிந்தது.

தங்கள் வீட்டு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டிஷ்ஷுக்கென்று மண்ணில் தனியாக ஓர் எர்த் கம்பி அடித்திருக்கிறீர்களா? பலரும் அது கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். உண்மையில் அது ஆபத்தைக் கூட்டுகிறது. பக்கத்தில் மின்னல் இறங்கும்போது மண்ணின் மின்னழுத்தமே இடத்துக்கு இடம் மாறும். பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு எர்த் கம்பிகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு வரக்கூடும். ஒரு கை டிஷ் எர்த்திலும் மறு கை வீட்டு எர்த்திலுமாக நடுவில் நிற்பது உங்கள் டிவிதான். வெள்ளத்தில் படகு ஏறினால் அதில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக ஏறுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலும் வைத்திருப்பவர்தான் விழுகிறார். மின்சாரம், டிஷ் கேபிள், தொலைபேசிக் கம்பி என எல்லாமே ஒரே இடத்தில் வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சர்ஜ் தடுப்பின் வழியாக ஒரே எர்த் பட்டையில் சேர வேண்டும்.

மிகை மின்னோட்டத்தில் துண்டிக்கும் எம்.சி.பி.யும் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை மில்லி வினாடிக் கணக்கில் இயங்குபவை; அவை அசைவதற்குள் சர்ஜ் வந்து போய்விடும். சுவிட்சை மட்டும் அணைப்பதும் போதாது. ஒற்றைச் சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. தவிரவும், சுவிட்சின் உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி பல ஆயிரம் வோல்ட்டுக்குத் தாண்ட முடியாத தூரம் அல்ல.

மற்றோர் உறுப்பினர்

எங்கள் வீட்டில் நேர்ந்ததை நாங்களும் முதலில் மின்னல் என்றே நம்பினோம். பலத்த காற்றும் இடியுமாக இருந்த ஓர் இரவில் திடீரென்று கூடத்து விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. அதே நேரத்தில் உள்ளறை விளக்குகள் மங்கின. டிவிக்குப் பின்னால் இருந்த சர்ஜ் புரொடெக்டர் பலகையிலிருந்து புகை கிளம்பியது. என் கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அந்தச் சில வினாடிகளுக்குள் இரண்டு சார்ஜர்களும் மோடமும் போய்விட்டன.

மறுநாள் வந்த பணியாளர், எங்கள் மும்முனை இணைப்பில் வெளிக்கம்பியின் நியூட்ரல் அறுந்திருப்பதைக் காட்டினார். நியூட்ரல் இல்லையென்றால் 230 வோல்ட் என்ற கணக்கே குலைந்து, சுமை குறைவாக உள்ள முனையில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும் என்று விளக்கினார். கருகிய பலகையை அவரே பிரித்தார். உள்ளே நாணயம் போன்ற வட்டத் தட்டு ஒன்று, மேல்பூச்சு வெடித்து, உள்ளிருந்த சாம்பல் நிறம் தெரிய இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் பெயர் வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடால் ஆனது. மைக்ரோ வினாடிகளில் வந்து போகும் சர்ஜை விழுங்கத்தான் அது இருக்கிறது. வினாடிக் கணக்கில் தொடரும் மிகை மின்னழுத்தம் வந்தால் அது சூடேறி, தீப்பிடிக்கவும் கூடும். அதற்கு வேண்டியது வேறு கருவி: மின்னழுத்தம் எல்லை மீறினால் வீட்டையே துண்டித்துவிட்டு, சீரான பிறகு சிறிது நேரம் பொறுத்து மீண்டும் இணைக்கும் ரிலே. இப்போது மெயின் போர்டில் எஸ்.பி.டி.யும் அதனுடன் அந்த ரிலேயும் இருக்கின்றன.

இன்னொன்றையும் நாங்கள் அறியாமல் இருந்தோம். வேரிஸ்டர் ஒவ்வொரு சர்ஜிலும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. பலகையில் எரியும் சிவப்பு விளக்கு மின்சாரம் வருவதை மட்டுமே காட்டியது. அதை நாங்கள் பாதுகாப்பின் அடையாளமாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

கேமரா பற்றி ஒரு குறிப்பு

எங்கள் வெளிக்கேட்டில் உள்ள கேமராவுக்கு 40 மீட்டர் லேன் கம்பி திறந்த வெளியில் ஓடியது. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை ரெக்கார்டரோடு சேர்ந்து போனது. மூன்றாம் முறை கண்ணாடி இழைக் கம்பி போட்டோம். கண்ணாடியில் மின்சாரம் பாய்வதில்லை. வாங்கும்போது மட்டும், வலுவுக்காக உள்ளே எஃகுக் கம்பி வைக்காத வகையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் மின்பணி செய்யும் உறுப்பினர்

தனிச்செய்தியில் ஒருவர், மாடியில் இடிதாங்கி இருப்பதால் எஸ்.பி.டி. தேவையில்லையே என்று கேட்டிருந்தார். இடிதாங்கியின் வேலை கட்டடம் பிளக்காமலும் தீப்பற்றாமலும் காப்பது. சாதாரண மின்னலிலேயே சுமார் 30,000 ஆம்பியர் பாயும். அது இடிதாங்கி வழியாக உங்கள் எர்த்துக்கு இறங்கும்போது ஒரு பகுதி மின்கம்பிகளைத் தேடிக்கொண்டு திரும்பும். ஆகவே இடிதாங்கி உள்ள வீட்டுக்கு, நேரடி மின்னலின் நீண்ட அலையைத் தாங்கும் முதல் வகை எஸ்.பி.டி. கட்டாயம் வேண்டும். இடிதாங்கி இல்லாமல், மின்சாரம் நிலத்தடிக் கேபிளில் வரும் வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகை போதும். எந்த எஸ்.பி.டி. போட்டாலும் நேரடி மின்னலில் எதுவும் ஆகாது என்று யாராலும் உறுதி தர முடியாது. எனவே பிளக்கைக் கழற்றும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

இழையைத் தொடங்கியவர்

தாங்கள் சந்தேகப்பட்டது சரிதான், ஐயா. டிஷ்ஷின் எர்த் தோட்டத்தின் மறுமூலையில் தனியாகவே இருந்தது. அதை வீட்டு எர்த்துடன் இணைக்கலாம் என்று எர்த் குழியின் மூடியைத் திறந்தோம். கம்பியைப் பிடித்து லேசாக அசைத்தேன். துருவேறிப் பொடிந்துபோன போல்ட்டிலிருந்து அது கையோடு வந்துவிட்டது. எத்தனை ஆண்டுகள் எர்த்தே இல்லாமல் குழந்தைகளுடன் அந்த வீட்டில் இருந்தோமோ என்று எண்ணியபோது எனக்கு உடல் நடுங்கியது. டிவி போனதைவிட அதுதான் இன்றும் மனத்தை அறுக்கிறது. உங்கள் வீட்டு எர்த் குழியை இந்த வாரமே தகுதியான ஒருவரைக் கொண்டு திறந்து, அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதிய எர்த் போட்டு, டிஷ் கேபிளுக்கு நுழைவிடத்திலேயே தடுப்பு வைத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டையில் சேர்த்திருக்கிறோம். இப்போது பிளக்குடன் சேர்த்து டிஷ் கேபிளையும் லேன் கம்பியையும் கழற்றுகிறோம். அதுவும் மேகம் திரளும்போதே. இடி கேட்கத் தொடங்கிவிட்டால் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் சொருகுகிறோம். ஃபிரிட்ஜை மட்டும் கழற்றுவதில்லை.

சென்ற வாரம் மீண்டும் மிக அருகில் இடி இறங்கியது. மறுநாள் காலையில் மெயின் போர்டைத் திறந்து பார்த்தபோது எஸ்.பி.டி.யின் மூன்று சன்னல்களில் ஒன்று சிவப்பாக மாறியிருந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே அந்தத் துண்டை மட்டும் உருவிப் புதியதைச் சொருகினார் மின்பணியாளர்.