ஜம்ப் ஸ்கேர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

திகில் பட விமர்சனங்களுக்கான சொல்லடைவில் ஜம்ப் ஸ்கேர் (திடீரென்று வெடிக்கும் ஒலியாலும் காட்சியாலும் பார்ப்பவரைத் துள்ளவைக்கும் உத்தி) மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. வந்தவை: குதிப்பச்சம், திடீர் பயமுறுத்தல், வெருட்டு, திடுக்கிடல். முதலாவதை இப்போதே தள்ளிவிடலாம். நீரச்சம் என்றால் நீரைக் கண்டு அஞ்சுவது. அந்த வரிசையில் குதிப்பச்சத்தைக் குதிக்கப் பயப்படுவது என்றுதான் படிப்பார்கள். மற்றவை பற்றிச் சொல்லுங்கள்.

---

> திடுக்கிடல்

வணக்கம். திடுக்கிடல் பார்ப்பவருக்கு நேர்வது. நமக்கு வேண்டியது எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளரும் கட்டுகிற உத்தியின் பெயர். "இங்கே ஒரு திடுக்கிடல் வை" என்று எடிட்டிங் அறையில் யாருக்கும் வாயில் வராது.

உத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். திரையரங்கில் ஒரு சேனலின் (ஒலிபெருக்கித் தடத்தின்) அளவுகோல் ஒலி 85 டெசிபல். உச்ச ஒலிக்கு அதற்கு மேல் 20 டெசிபல் இடம் இருக்கிறது. முதலில் பின்னணி இசையை எடுத்துவிட்டு, அறையின் சன்னமான இரைச்சலை மட்டும் ஓடவிட வேண்டும். பிறகு உச்ச ஒலி சில மில்லிநொடிகளில் எழ வேண்டும். மெல்ல ஏறினால் உடல் துள்ளாது, பதற்றம் மட்டுமே மிஞ்சும்.

பெரும்பாலும் கெடுவது இன்னோர் இடத்தில். உச்ச ஒலிக்குச் சுமார் 100 மில்லிநொடி முன்னால், அதாவது இரண்டரை ஃபிரேம் முன்னால், கதவின் கிளிக்கோ துணியின் சரசரப்போ விழுந்துவிட்டால் அனிச்சைத் துள்ளல் தானாகவே அடங்கிவிடும். காட்சி அருமையாக இருந்தும் அரங்கம் அசையவில்லை என்றால் முதலில் ஃபோலி டிராக்கை, அதாவது காலடி, கதவு, துணி போன்ற சத்தங்களைத் தனியாகப் பதிந்த தடத்தை, சோதியுங்கள்.

ஆக, இது ஓர் அடி. எனவே என் பரிந்துரை: திடுக்கடி.

---

> திடுக்கடி

சொல் நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் 'திடுக்' + 'கடி' என்று பிரித்துப் படித்துவிடுவார்களோ? கடி ஜோக் நினைவுக்கு வருகிறது. வெருட்டு இலங்கைத் தமிழில் இன்றும் புழங்குகிற நல்ல சொல். அதை விட மனம் வரவில்லை.

பூனை பாய்ந்து ஏமாற்றுகிற வகைக்கும், அதாவது ஆபத்தே இல்லாத பொய்ப் பயமுறுத்தலுக்கும், ஒரு பெயர் தேவை. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், பின்தொடர்ந்த காலடிச் சத்தம் நின்றுபோகிறது. அடுத்து சிறுத்தை சீறுவதுபோல் ஒரு சத்தம். பார்த்தால் பஸ்ஸின் பிரேக். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் அந்த உத்தியை லூட்டன் பஸ் என்றே சொல்கிறார்கள்.

---

நெருக்கு + அடி நெருக்கடி ஆயிற்று. அதை யாரும் கடியாகப் படிப்பதில்லை. திடுக்கு + அடியும் அதே புணர்ச்சிதான், அதிரடி போல நாக்கிலும் உட்காரும். வெருட்டு எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஒருவரை நாள் முழுக்க வெருட்டிக்கொண்டே இருக்கலாம். இந்த உத்தியின் ஆயுளோ ஒரு நொடி. அச்சுறுத்தும் சூழலைப் படம் நெடுகக் கட்டிக் காப்பதற்கு வெருட்டை வைத்துக்கொள்வோம். பஸ் வகைக்குப் பொய்த் திடுக்கடி.

ரீமேக் பற்றி எழுதும்போது இந்தப் பிரிவினை நிறையவே உதவும். 1960-இன் 'சைக்கோ'வை 1998-இல் கஸ் வான் சான்ட் ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் திரும்ப எடுத்தார்; பெர்னார்டு ஹெர்மனின் இசையும் அதேதான். மூலத்தைப் பார்த்தவருக்கு மாடிப்படி உச்சியில் கதவு எப்போது திறக்கும் என்று தெரியும், அதனால் அங்கே அடி விழுவதில்லை. ரீமேக் செய்பவர் மூலத்தின் இடத்தில் பொய்த் திடுக்கடியை வைத்து, ஆசுவாசப்படும் நேரத்தில் நிஜத்தை இறக்க வேண்டும். அதைச் செய்யாத ரீமேக்கில் திகிலுக்கு வேலையே இல்லை என்பேன்.

இசை ஆல்பத்திலும் இதே கதை. படத்தில் நெஞ்சை உலுக்கிய வயலின் வெட்டு (சட்டென்று வெட்டி ஒலிக்கும் இசைத்துணுக்கு) ஆல்பத்தில் சப்பென்று இருந்தால் இசையமைப்பாளரைக் குறை சொல்ல வேண்டாம். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசிக் கட்டத்தில், மெல்லிய பகுதியைத் தூக்கி, உச்சத்தை லிமிட்டரால் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவியால்) நறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி போனால் திடுக்கடியும் போயிற்று.

சொல்லடைவுக்கு: திடுக்கடி — அமைதிக்குப் பின் ஒலியும் காட்சியும் ஒரே கணத்தில் வெடித்துப் பார்ப்பவரைத் துள்ளவைக்கும் உத்தி.

---

ஏற்கிறேன், பதிந்துவிடுகிறேன். அந்த வயலின் வெட்டை ஸ்டிங்கர் என்கிறார்களே, அதற்குக் 'குத்தொலி' சரிவருமா? புது இழையில் எழுதுங்கள்.