தாத்தாவின் துண்டறிக்கைகள்: பின்பக்கத்தையும் பட்டியலில் சேர்க்கலாமா?

லயத்து மகள்:
மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர், திராவிடர் கழகத்துக்காரர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்தபோது அத்தை தூக்கி வந்த இரும்புப் பெட்டியைப் போன மாதம்தான் திறந்தோம். உள்ளே 212 தாள்கள். சாதிப் பட்டத்தை விடச் சொல்லும் நோட்டீஸ், ஐயரில்லாத கல்யாணப் பத்திரிகை, ரோனியோ நகல் இயந்திரத்தில் உருட்டிய சங்க அறிக்கை, இப்படி. பாதிக்கு மேல் ஆண்டே இல்லை. பெரியாரை வரவேற்கும் கழக நோட்டீஸில்கூட ‘ஞாயிறு மாலை 4 மணி’ என்பதோடு சரி.

தலைப்பு, அச்சகம், ஊர், அளவு என்று எக்செலில் ஏற்றி வருகிறேன். சிக்கல் பின்பக்கத்தில். அந்த வரவேற்பு நோட்டீஸைத் திருப்பினால் பென்சிலில் ‘அரிசி 4 கட்டி, கருவாடு 30 காசு, மண்ணெண்ணெய் பாக்கி’ என்று கடைக்கணக்கு (கட்டி என்பது அந்தக் கால எடை அளவு). ஓரத்தில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) கறை. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய், பின்னால் வெறும் கிறுக்கல் என்கிறான் அத்தை மகன். எனக்கு மனசு வரவில்லை.

பழைய நூலகர், ஈப்போ:
மனசு சொல்வதைக் கேளுங்கள் அம்மா. இரண்டு பக்கமும் வேண்டும். நோட்டீஸ் அச்சானது ஒரு சேதி என்றால், அது ஒரு குடும்பத்தின் கைக்கு வந்து புழங்கியது இன்னொரு சேதி. அதற்குச் சாட்சி அந்தக் கருவாட்டுக் கணக்குதான்.

பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எது எதோடு மடித்துக் கிடந்தது என்பதைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்மையான பென்சிலில் எண் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிடலாம். செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. கிழிந்ததைக் கிழிந்தபடியே உறையில் போடுங்கள்.

கையச்சு:
ஆண்டு விஷயம். பெரியார் மலாயாவுக்கு 1929இல் வந்தார், மறுபடி 1954இல் வந்தார். ‘திராவிடர் கழகம்’ என்ற பெயரே 1944இல் சேலத்தில் வைத்ததுதான். கழகத்தின் பெயர் அதில் இருந்தால் அது இரண்டாம் வருகை, சந்தேகமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: லை, னை எல்லாம் இன்றைய வடிவில் இருக்கிறதே, அப்படியானால் 1978க்குப் பிந்தியது என்று எழுதிவிடாதீர்கள். அது தமிழ்நாட்டு அரசு இந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட ஆண்டு. பெரியாரின் குடி அரசு இதழ் 1935லேயே அப்படி அச்சிட ஆரம்பித்துவிட்டது, கழகத்துக்காரர்களும் பின்பற்றினார்கள். ஊர்ப் பெயரையும் பாருங்கள். உங்கள் ஊரின் பழைய பெயரான தெலுக் அன்சன் என்று இருந்தால் பெரும்பாலும் 1982க்கு முந்தியது.

லயத்து மகள்:
நன்றி ஐயா, நன்றி நண்பரே. கழகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆக, 1954 வருகை.

நேற்று அந்தத் தாளை அத்தையிடம் காட்டினேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை, திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டிக்கு எழுதத் தெரியாதாம். பாட்டி அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்ல, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அத்தை எழுதிய கணக்காம் அது. ‘மண்ணெண்ணெய்’க்கு எத்தனை சுழி என்று தாத்தாவிடம் கேட்டுத்தான் எழுதினாராம்.

எக்செலில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன்: ‘பின்பக்கம் எழுதியவர்’. 37ஆம் எண்ணுக்கு நேரே அத்தையின் பெயர், வயது 9.