சில்டர்ன் மலைக் கிராமங்களில் பழைய வீடு: ஓதம், அனுமதி, கழிவுநீர்

இங்கிலாந்தின் சில்டர்ன் மலையில் உள்ள கிரேட் மிசெண்டன் கிராமத்துப் பக்கம் செங்கல்லும் ஃபிளிண்ட் கல்லும் கலந்து கட்டிய வீடு பார்ப்பவர்களுக்கு. லண்டன் மேரிலபோனுக்கு ரயிலில் ஏறத்தாழ முக்கால் மணி என்பதை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். சுவரைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது நடுவில் இடைவெளி இல்லாத முழுச்சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழையில் உறிஞ்சிய ஈரத்தை அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியே விடும். பிற்பாடு யாராவது செங்கல் இணைப்புகளைச் சிமென்ட்டால் பூசியிருந்தால் ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, உறைபனியில் விரிந்து, முகப்பு பொரிந்து உதிரும். செங்கல் உள்வாங்கியும் சிமென்ட் கோடு துருத்தியும் நின்றால் அதுதான் அடையாளம்.

ஆர்ஐசிஎஸ் (பிரிட்டனின் சர்வேயர்கள் அமைப்பு) வகுத்த மூன்றாம் நிலை சர்வே, அதாவது மிக விரிவான கட்டடப் பரிசோதனை, எடுங்கள், பழைய கட்டடம் அறிந்தவரிடமே. ஓதமானி, அதாவது ஈரம் காட்டும் கருவி, மரத்துக்காக அளவு பொருத்தப்பட்டது. சுவரில் உப்பு பூத்திருந்தாலும் எண் ஏறும். அதை வைத்து, ஓதத்தைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயன ஊசி போடச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். மண்ணை வெட்டி இறக்கி, சிமென்ட்டைச் சுரண்டி, என்எச்எல் (தண்ணீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 2 அல்லது 3.5 வகையால் பூசினால் பெரும்பாலும் போதும். 5 டிகிரிக்குக் கீழே இந்த வேலை கூடாது. ஓர் அங்குலக் கனம் உலர சுமார் ஒரு மாதம். ஒன்பது அங்குலச் சுவருக்குப் பொறுமை வேண்டும்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு கிரேடு 2 பட்டியலில் (சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களின் பட்டியல்) இருந்தால் முகப்புக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: மாடிப்படி, கதவு, அடுப்புமாடம், 1948 ஜூலை 1க்கு முன் வளாகத்தில் கட்டிய கொட்டகை வரை அடங்கும். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தால் குற்றம் செய்தவர் அவர். ஆனால் பழையபடி ஆக்கச் சொல்லும் நோட்டீஸ் உங்களுக்கு வரலாம். அதற்குக் காலவரம்பு இல்லை. பழைய கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியல் விவரத்தையும் கவுன்சிலின் அனுமதிப் பதிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுங்கள். ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு, அதாவது வாங்குவது சட்டப்படி உறுதியாவதற்கு, முன் செய்ய வேண்டிய வேலை இது, அதுவரை விலகிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. அனுமதியில்லாத வேலை கண்ணில் பட்டால், சொலிசிட்டரை (உங்கள் வக்கீலை) கேட்காமல் கவுன்சிலுக்குப் போன் போடாதீர்கள். போட்டுவிட்டால், இந்தக் குறைக்கு எடுக்கும் இழப்பீட்டுக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காமல் போகும்.

*

பொதுச் சாக்கடை இல்லாத வீடா? செப்டிக் டேங்க் தண்ணீர் எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நேராக ஓடையில் விடுவதற்கு 2020 ஜனவரி 1 முதல் இடமில்லை. மண்ணுக்குள் கசியவிட வேண்டும், அல்லது சுத்திகரிப்புக் கருவி வைக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் பேசிக் குறைக்கலாம்.

சுண்ணக்கல் நிலத்தில் நிலத்தடி நீர் மழைக்குப் பல வாரம் கழித்தே மேலேறும். இந்தப் பக்கத்து மிஸ்போர்ன் ஆறு சில பகுதிகளில் வறண்டே கிடக்கும், பிறகு ஓடத் தொடங்கும். ஆகஸ்டில் காய்ந்திருக்கும் நிலவறையைப் பார்த்து முடிவெடுக்காமல் பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். நீர் இறைக்கும் பம்ப் வைத்திருந்த தடயமும் தெரியும்.