மறு: பீநட் பட்டருக்குத் தமிழ்ச்சொல் (நாளை மாலைக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான் கேட்டது இரண்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு வரிக்கான சொல். அதற்கு இருபது மடல்கள் வந்துவிட்டன. நியூ ஜெர்சியில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீட்டில் இட்லி மாவு தீர்ந்துபோன நாளிலும், நிலக்கடலையை அரைத்துச் செய்யும் பீநட் பட்டர் ஒரு புட்டி இருக்கும். அதையும் பழ ஜாமையும் தடவிய ரொட்டிதான் பலருக்குப் பள்ளி மதிய உணவு. 'இன்று என்ன சாப்பிட்டாய்?' என்னும் பாடத்தில் தோசை மட்டும் இருந்தால், அது அவர்களுடைய வீடாக இருக்காது.

மதுரை ஐயா முன்வைத்த 'கடலையிழுது' இலக்கணப்படி குறையற்றது. இழுது என்பது வெண்ணெய்க்கும் நெய்க்கும் நிணத்துக்கும் வழங்கிய பழஞ்சொல். ஐகாரத்தின்பின் யகர உடம்படுமெய் வருவதும் நன்னூல் விதியே. இழுதும் விழுதும் ஒரே வேரில் பிறந்தவை என்று ஐயா மூன்று மடல்களில் வாதிட்டதை ஆவலோடு படித்தேன். ஆயினும் ஏழு வயதுப் பிள்ளை அதை 'இழுத்து' என்றுதான் படிக்கும்.

'கடலை வெண்ணெய்' என்பதற்கே ஆதரவு மிகுதி. பழுப்பு நிறப் பொருளை வெண்மை + நெய் எனப் பிரியும் சொல்லால் அழைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, எள்ளை மறந்து 'தேங்காய் எண்ணெய்' என்கிறோமே என்று கோவை நண்பர் விடையளித்தார். அந்த விடையை ஏற்கிறேன். என் தடை வேறு: வெண்ணெய் என்றால் நம் வீடுகளில் பால்பொருள். டச்சுக்காரர்கள்கூட இதை வெண்ணெய் என்று சொல்லாமல், 'கடலைப் பாலாடைக்கட்டி' என்னும் பொருள்படப் 'பிண்டாகாஸ்' என்கிறார்கள்.

'கடலை' என்று மட்டும் எழுதினால், யாழ்ப்பாணத்து அக்கா சுட்டியபடி, ஈழத்தவர் கொண்டைக்கடலையை நினைப்பார்கள். நிலக்கடலை அவர்களுக்குக் கச்சான். பள்ளி அனுப்பும் ஒவ்வாமை அறிவிப்பையும் இதே சொல்லால்தான் மொழிபெயர்க்கப் போகிறோம் என்பதால் இந்தக் குழப்பத்தை என்னால் எளிதாக விட முடியவில்லை. பூ உதிர்ந்தபின் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்ப்பதால், வேர்க்கடலை என்பதைவிட நிலக்கடலை என்பதே பொருந்தும். இரு கரையிலும் அது விளங்கும்.

கடலையும் உப்பும் மட்டுமே சேர்ந்த புட்டியைச் சென்ற வாரம் திறந்தேன். மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தது. அடியில் இறுகிக் கிடந்ததைக் கத்தியால் கிளறக் கிளற, பளபளப்பாகக் குழைந்து வந்தது. விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார் ஒரு துளி நக்கிப் பார்த்துவிட்டு, "மல்லாட்டைய வறுத்து விழுதா அரைச்சிருக்காங்க" என்றார். இஞ்சி பூண்டு விழுது இல்லாத தமிழ்ச் சமையலறை ஏது? ஆகவே 'நிலக்கடலை விழுது' என்று எழுத விரும்புகிறேன். மறுப்பிருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாடம் எழுதுபவர்

---

அன்புள்ள ஆசிரியருக்கு,

விழுது என்பது தாளிப்பில் வதக்கும் பொருள். அதை யாரும் ரொட்டியில் தடவி அப்படியே உண்பதில்லை. துவையல்தான் தொட்டும் தடவியும் உண்ணும் பொருள், 'துவை' என்னும் வினை இடிப்பதையும் குறிக்கும். முன்பு நான் 'துவையல்' என்று சொன்னபோது, பீநட் பட்டரில் காரமில்லை என்பதற்காக அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டீர்கள். உங்கள் முடிவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோவையிலிருந்து

---

ஐயா, பதிவு செய்துகொண்டேன். பாடத்தில் 'நிலக்கடலை விழுது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒவ்வாமை அறிவிப்பில் மட்டும் அதையடுத்துக் கச்சான் என்றும் பீநட் பட்டர் என்றும் சேர்த்திருக்கிறேன்.