வார்டில் எடுக்கும் தசை மின் அலைப் பதிவில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: நாட்ச் ஃபில்டர் போதுமா?

கேள்வி (இயன்முறை மருத்துவர்)

வணக்கம். பக்கவாதத்திற்குப் பின் மணிக்கட்டை நிமிர்த்த இயலாத நோயாளிகளின் முன்கையில் மின்முனைகளை ஒட்டி, தோல்மேல் ஈ.எம்.ஜி. (தசையின் மின் அலை) பதிவு எடுத்து வருகிறோம். பயிற்சி அறையில் பதிவு தெளிவாக இருக்கிறது. எழுந்து வர இயலாதவர்களுக்காக அதே கருவியை வார்டுக்குக் கொண்டு சென்றால், கை ஓய்வில் இருக்கும்போதே அடிக்கோடு தடித்து, சுமார் 30 மைக்ரோவோல்ட் இரைச்சலைக் காட்டுகிறது. இவர்களில் சிலர் முழு முயற்சியோடு கையை உயர்த்தும்போது எழும் அலையே 40 மைக்ரோவோல்ட்டைத் தாண்டுவதில்லை. கருவியிலுள்ள 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டரை (மின் இணைப்பின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் வடிகட்டியை) இயக்கினால் கோடு மெலிகிறது. அதையே வழக்கமாக்கிக்கொள்ளலாமா? தசை இயங்கவில்லை என்று நான் எழுதிவிட்டால் அந்தக் கைக்கான பயிற்சியே குறைக்கப்படலாம் என்பதால், தவறிழைக்க அஞ்சுகிறேன்.

பதில் 1 (உயிர்மருத்துவப் பொறியாளர்)

வழக்கமாக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தோல்மேல் எடுக்கும் தசை மின் அலை ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருந்தாலும், அதன் ஆற்றல் 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் செறிந்திருக்கிறது; ஆகவே 50 ஹெர்ட்ஸை வெட்டும்போது இரைச்சலோடு சேர்ந்து தசையின் அலையிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. மேலும் 150, 250 என அதன் மடங்குகளில் வரும் இரைச்சல் அப்படியே தங்கிவிடும்.

இரைச்சல் உள்ளே நுழையும் வழியைப் பாருங்கள். சுற்றியுள்ள மின்கம்பிகளின் புலம் நோயாளியின் உடல் முழுவதிலும் ஒரே மின்னழுத்தத்தை ஏற்றுகிறது. இரு மின்முனைகளுக்கும் பொதுவான அந்த அழுத்தத்தைக் கழித்துவிட்டு, வேறுபாட்டை மட்டும் பெருக்குவதே கருவியின் வேலை. ஆனால் தோலோடு ஒரு மின்முனையின் தொடர்புத் தடை 5 கிலோ ஓமாகவும் மற்றொன்று 40 கிலோ ஓமாகவும் இருந்தால், பொதுவாக வந்த இரைச்சல் இரண்டிலும் வெவ்வேறு அளவில் குறைந்து, அந்த வித்தியாசமே தசையின் அலைபோலப் பெருக்கப்படுகிறது. கருவியின் கழிக்கும் திறன் எவ்வளவு உயர்ந்ததானாலும், அதனால் மட்டும் இதைத் திருத்த முடியாது.

எனவே முதல் கவனம் தோலுக்கே உரியது. முடியை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, தோல் இலேசாகச் சிவக்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, நன்கு உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். முதியவர்களின் மெலிந்த தோலில் தேய்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. உறை திறந்து நாட்பட்ட மின்முனையின் பசையை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஈரம் படாமல் ரப்பர்போல வழுக்கினால் அது பயன்படாது. இரு மின்முனைகளையும் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் தசை இழைகளின் போக்கிலேயே வைத்து, பொது மின்முனையை (ஒப்பீட்டுக்கான மூன்றாவது மின்முனையை) முழங்கை எலும்பு மேட்டில் ஒட்டி, ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பாளர்)

வார்டில் மட்டும் வருகிறது என்பதால் முதலில் மோட்டார் கட்டிலைச் சந்தேகிப்பேன். அதை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக் செருகியிருக்கும் வரை மின்னோட்டம் இல்லாவிட்டாலும் ஒயரில் மின்னழுத்தம் இருக்கலாம், அதன் புலமே உடலைத் தொடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பதிவு எடுங்கள். மருந்து ஏற்றும் பம்ப், படுக்கைப்புண் தடுக்கும் காற்றுமெத்தை ஆகியவற்றைச் செவிலியரைக் கேட்காமல் தொடக் கூடாது. மடிக்கணினியை பேட்டரியில் இயக்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இரைச்சல் குறைகிறது என்பதற்காக எந்தக் கருவியின் எர்த் இணைப்பையும் துண்டிக்கக் கூடாது. அது நோயாளியின் உயிர்க்காப்பு.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கட்டிலின் பிளக்கைப் பிடுங்கியதுமே 30 மைக்ரோவோல்ட் 17 ஆனது. தோலைத் துடைத்துப் புதிய மின்முனைகளை ஒட்டியபின் 6-க்கு வந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு அதே முறையில் செய்தும் 15-க்குக் கீழே இறங்கவில்லை.

பதில் 1 எழுதியவர்

அவருடைய ஓய்வுப் பதிவின் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஊசிபோன்ற முனைகள் நின்றால், அது மின் இரைச்சல். 20 முதல் 200 வரை அகன்ற மேடாகத் தெரிந்தால், பக்கவாதத்திற்குப் பின் வரும் தசை இறுக்கத்தால் அந்தத் தசை ஓய்வே பெறாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நீக்கப்பட வேண்டிய குறை பதிவில் இல்லை, அந்தத் தசை இயக்கமே நீங்கள் எழுத வேண்டிய கண்டறிதல். முன்கையைத் தலையணையில் தாங்கவைத்து, சில நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் எடுத்து, நலமான கையின் பதிவோடு ஒப்பிடுங்கள். இரு கைகளிலும் ஒரே அளவு வந்தால் மீண்டும் அறையில் இரைச்சலின் மூலத்தைத் தேடலாம்.