அவகாடோ விழுதிலிருந்து எண்ணெய் பிரிய மாட்டேன் என்கிறது

மரத்தடி:
வணக்கம். மரத்தில் அவகாடோ தின்று தீராத அளவு காய்த்திருக்கிறது. வீணாக்குவதற்குப் பதில் எண்ணெய் எடுக்கலாமே என்று இறங்கினேன். சதையைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்தேன். வந்தது பச்சை நிறத்தில் மோர் மாதிரி ஒன்று. ஃப்ரிட்ஜில் வைத்தும் எண்ணெய் தனியாக நிற்கவில்லை. உண்மையிலேயே இதில் எண்ணெய் இருக்கிறதா? அடுப்பில் வைத்துக் காய்ச்சிவிடலாமா? சத்து கெடக்கூடாது என்பதுதான் என் கவலை.

செக்குக்காரி:
இருக்கிறது. முற்றிய ஹாஸ் ரகத்தில் சதையின் எடையில் 15 முதல் 30 சதவீதம் வரை எண்ணெய்தான், மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரால்தான் தொல்லை. எள்ளும் கடலையும் காய்ந்த வித்து, நசுக்கினால் எண்ணெய் விடும். இதில் ஈரச் சதையின் செல்களுக்குள் நுண்துளிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. மிக்ஸி அந்தத் துளிகளை இன்னும் பொடித்துத் தண்ணீரோடு கலந்துவிடும். அந்த மோரை இனிப் பிரிக்க முயல வேண்டாம்.

பழம் நன்றாகக் கனிந்திருக்கட்டும். காம்புப் பக்கம் அழுத்தினால் அமுங்க வேண்டும், அழுகல் இருக்கக் கூடாது. கனியும்போது பழத்தின் சொந்த நொதிகளே செல்சுவரை இளக்கிவிடுகின்றன. செங்காயை அரைப்பது வெட்டி வேலை.

தோலும் கொட்டையும் நீக்கி, கையால் மசித்தால் போதும். அந்தப் பாத்திரத்தை வெந்நீர் இருக்கும் அகன்ற பாத்திரத்துக்குள் இறக்கி, விழுதின் சூடு 45-50 டிகிரியைத் தாண்டாமல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்டுங்கள். வெப்பமானி கட்டாயம் வேண்டும். மெதுவாகத்தான் கிண்ட வேண்டும், சிறு துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாக அவகாசம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நியூசிலாந்தில் 1990களின் பிற்பகுதியில் ஆலிவ் எண்ணெய் எடுக்கும் முறையை இந்தப் பழத்துக்கு மாற்றியமைத்தபோது அவர்கள் நம்பியதும் இப்படி மெதுவாகக் கிண்டுவதைத்தான்.

ஆரம்பத்தில் எதுவும் நடக்காது, வெறும் களியாகவே இருக்கும். கை வலிக்கிற நேரத்தில் பார்த்தால், கரண்டி போன தடத்தில் ஒரு பளபளப்பு தெரியும். தடம் மூடுவதற்குள் அதில் கரும்பச்சையாக எண்ணெய் ஊறி நிற்கும். அது வரும்வரை பிழியாதீர்கள்.

அப்புறம் துணியில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிப் பிழிந்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பான இடத்தில் தெளிய விடுங்கள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கலங்கல் அடுக்கு அடம்பிடிக்கும், கொஞ்சம் உப்புப் போட்டால் இளகும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். ஆலையில் மையவிலக்கு இயந்திரம் செய்கிற வேலை இது. கையால் செய்தால் பழத்தில் உள்ளதில் பாதி கிடைப்பதே பெரிது.

ஆய்வுக்கூடம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. இதில் பச்சையம் நிறைய. வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சையமே எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும். தெளிய விடும்போதே குடுவையைத் துணியால் மூடிவிடுங்கள். கடைசியில் கருநிறப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். அடுப்பில் கொதிக்கக் காய்ச்சினாலும் எண்ணெய் வரும்தான், ஆனால் நிறமும் மணமும் போய்விடும்.

கேள்விக்குறி:
பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழத்தை மட்டும் ஆவியில் வேகவைக்கிறார்களே? அதுவும் சதை எண்ணெய்தானே, சத்து போகாதா?

செக்குக்காரி:
நல்ல கேள்வி. செம்பனைச் சதையில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி மிகத் தீவிரம். பழம் அடிபட்டதுமே கொழுப்பு அமிலங்கள் தனியாகப் பிரிய ஆரம்பித்துவிடும். அதை அடக்கத்தான் பறித்த சூட்டோடு ஆவி காட்டுகிறார்கள். அந்தச் சூட்டிலும் கரோட்டீன் என்ற நிறச்சத்து பெருமளவு தங்கிவிடும், எண்ணெய் சிவப்பாக இருப்பதே அதனால்தான். பின்னால் வெளுக்க வைத்துச் சுத்திகரிக்கும்போதுதான் அது தொலைகிறது. அவகாடோவுக்கு ஆவி வேண்டாம்.

மரத்தடி:
மிக்க நன்றி. கடையில் வாங்கிய புட்டி வெளிர் மஞ்சளாக இருக்கிறது, அதனால்தான் என் பச்சையைச் சந்தேகப்பட்டேன். பழத்தின் வைட்டமின் சி எண்ணெயில் வருமா?

ஆய்வுக்கூடம்:
வெளிர் மஞ்சள் என்றால் சுத்திகரித்ததாக இருக்கலாம், கலப்படமாகவும் இருக்கலாம். 2020-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சோதித்த அவகாடோ எண்ணெய் மாதிரிகளில் 82 சதவீதம் காறிப்போனவை அல்லது கலப்படம்.

செக்குக்காரி:
வைட்டமின் சி வராது. தண்ணீரில் கரைவது தண்ணீரோடு போய்விடும், நார்ச்சத்து பிண்ணாக்கில் தங்கிவிடும். எண்ணெயோடு வருவது வைட்டமின் ஈ, லூட்டீன் என்ற நிறச்சத்து, ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். சத்துக்காக மட்டும் என்றால் பழமாகவே தின்னுங்கள். மீதிப் பழங்களை மரத்திலேயே விட்டு வையுங்கள். அவகாடோ மரத்தில் கனியாது, பறித்த பிறகுதான் கனியும். மரத்தில் இருக்க இருக்க எண்ணெயும் ஏறும். ஒரு தடவைக்குக் கிண்ட முடிகிற அளவு மட்டும் பறித்துப் பழுக்கப் போடுங்கள்.